காக்கைக் கூட்டில் வளர்ந்த பிள்ளைகள்: 'வில்லேஜ் ஆஃப் த டேம்ட்' ரீமேக் உண்மையிலேயே மோசமான படமா?

கூடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. ஜான் கார்பென்டர் 1995-இல் எடுத்த 'வில்லேஜ் ஆஃப் த டேம்ட்' படத்தைப் பார்த்ததாகவும், தனக்கு அது பிடித்திருந்ததாகவும், ஆனால் 1960-இல் வந்த மூலப் படத்தின் கால்தூசி பெறாது என்று எல்லோரும் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். அந்தத் தீர்ப்பு சரிதானா, மூலப் படத்தை இனிமேல் பார்ப்பதில் பயன் உண்டா, நண்பர்களுக்குக் காட்டுவதென்றால் எதை முதலில் காட்டுவது என்று கேட்கிறார். சென்ற நவம்பரில் கோத்தகிரியில் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் இந்த இரு படங்களையும் திரையிட்டு, பார்த்தவர்களோடு இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். முடிவைத் தொடாமல் இந்தப் படங்களைப் பற்றிப் பேச வழியில்லை. இரண்டையும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதையின் வேர் ஜான் விண்டம் 1957-இல் எழுதிய 'தி மிட்விச் குக்கூஸ்' என்ற ஆங்கில நாவல். படங்களில் வரும் கதை இது: மிட்விச் என்ற சிற்றூரில் மனிதர்களும் கால்நடைகளும் ஒரே நேரத்தில் நினைவிழந்து விழுகிறார்கள்; சில மணி நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் எழுந்துகொள்கிறார்கள். சில வாரங்களில், அந்த ஊரில் கருத்தரிக்கக்கூடிய பெண்கள் எல்லோரும் கர்ப்பமாக இருப்பது தெரியவருகிறது. பிறக்கும் குழந்தைகள் ஒரே சாயலில், வெளிறிய பொன்னிற முடியோடு, வயதை மீறிய அறிவோடு வளர்கின்றன. ஒரு குழந்தை கற்றது அடுத்த கணமே மற்றக் குழந்தைகளுக்கும் தெரிந்துவிடுகிறது. தங்களைத் துன்புறுத்துகிறவரைப் பார்வையாலேயே ஆட்டிவைத்து, அவர் கையாலேயே அவரை அழிக்கும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு. ஊரும் அரசாங்கமும் செய்வதறியாது நிற்க, அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒருவர் தன் பையில் வெடிகுண்டை மறைத்துக்கொண்டு அவர்கள் நடுவே போய் உட்கார்கிறார். தன் எண்ணத்தை அவர்கள் படித்துவிடாதபடி ஒரு செங்கல் சுவரையே நினைத்துக்கொண்டிருக்கிறார். இரு படங்களுக்கும் இந்த முடிவு பொதுவானது.

நாவலின் தலைப்பில் இருக்கும் குக்கூ என்ற குயிலினப் பறவையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பார்வையாளர்கள் இந்தக் கதையை எதிர்கொண்ட விதத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. ஐரோப்பாவின் குக்கூ வேறு பறவையின் கூட்டில் முட்டையிடும். அதன் குஞ்சு முட்டையை விட்டு வந்ததும், கண்கூடத் திறக்காத நிலையிலேயே, கூட்டில் இருக்கும் மற்ற முட்டைகளை முதுகில் ஏந்தி விளிம்புக்கு வெளியே தள்ளிவிடும். விண்டம் அந்தக் கொடுமையை மனத்தில் வைத்தே தலைப்பைச் சூட்டியிருக்கிறார். நமக்கோ காக்கைக் கூட்டில் வளரும் குயில் என்றதும் அச்சம் வருவதில்லை. பாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. நம் குயிலின் குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளைத் தள்ளிவிடுவதில்லை, அவற்றோடு சேர்ந்தே வளர்கிறது. ஏமாந்த காக்கையின் மேல் நமக்கு ஓர் இரக்கமும் உண்டு. 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். பொன்னிறத் தலையோடு ஒரு பிள்ளை வந்து மடியில் விழும்போது, அது நம் குஞ்சு இல்லையே என்ற திகிலைவிட, நம் குஞ்சாகவே இருந்துவிடக் கூடாதா என்ற ஏக்கம் இங்கே முந்திக்கொள்கிறது. கோத்தகிரி அரங்கில் நான் கண்டது இதைத்தான்.

ரீமேக்கைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கருத்து கடுமையானது என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 2.2 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்கத் திரையரங்குகளில் 1 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. மோசமான படங்களுக்கென்று கொடுக்கப்படும் கோல்டன் ராஸ்பெரி விருதுக்கு, மோசமான ரீமேக் அல்லது தொடர்ச்சி என்ற பிரிவில் இதன் பெயரும் முன்மொழியப்பட்டது. கார்பென்டரே பிற்காலத்தில் ஒரு பேட்டியில், இது தனக்குப் பெரிய ஆர்வம் இல்லாத படம், ஒப்பந்தக் கடமையை முடிப்பதற்காகச் செய்தது என்று சொல்லியிருக்கிறார். 1951-இல் வந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு 1982-இல் 'தி திங்' என்ற பெயரில் மூலத்தையே மறக்கடிக்கும்படி செய்து காட்டியவர் அவர். அப்படிப்பட்டவர் இன்னொரு ரீமேக்கைக் கையில் எடுக்கும்போது ரசிகர்கள் அதே உயரத்தை எதிர்பார்த்ததில் தவறில்லை. அந்த ஏமாற்றமும் சேர்ந்துதான் இவ்வளவு கோபமாக வெளிப்பட்டது என்று நினைக்கிறேன்.

படம் வெளியான நேரமும் கெட்ட நேரம். 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் ஓர் அரசுக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள். ஒன்பதே நாள் கழித்து, ஏப்ரல் 28 அன்று, குழந்தைகள் நிறைந்த கட்டடம் ஒன்றை ஒருவர் வெடிவைத்துத் தகர்ப்பதில் முடியும் இந்தப் படம் திரைக்கு வந்தது. அந்த வாரத்தில் அந்தக் காட்சியைப் பார்க்க யாருக்கு மனம் வந்திருக்கும்? அதற்கு அடுத்த மாதமே, மே 27 அன்று, நாயகன் கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனார். சூப்பர்மேனாக உலகமே அறிந்த அந்த மனிதர் நின்று நடக்கும் கடைசித் திரையரங்குப் படம் என்பதை அறிந்தே இன்று நாம் இதைப் பார்க்கிறோம். எங்கள் அரங்கில் அவர் முகம் முதலில் தெரிந்தபோது எழுந்த முணுமுணுப்புக்குத் திகிலோடு எந்தத் தொடர்பும் இல்லை.

இனி, பார்த்தவர்கள் சொன்னதற்கு வருகிறேன். முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள்: ஆசிரியர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் சிற்றூர்) பேரனோடு வந்திருந்த ஒரு படுகப் பாட்டி, அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் முப்பது ஆண்டுக்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர். முதல் வாரம் 1960-இன் கறுப்பு வெள்ளைப் படம், மறுவாரம் ரீமேக். எது அதிகம் பயமுறுத்தியது என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லோரும் மூலப் படத்தைச் சொன்னார்கள். எது மனத்தில் நின்றது என்று கேட்டபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆண்களில் பலர் செங்கல் சுவரைச் சொன்னார்கள். பெண்களில் பலர் ரீமேக்கில் வரும் டேவிட் என்ற சிறுவனைச் சொன்னார்கள்.

மூலப் படம் ஏன் பயமுறுத்துகிறது என்பதற்கு ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பால் புட்டியைச் சூடாக்கும் தாய் சற்றே அதிகமாகச் சூடாக்கிவிடுகிறாள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் வாய் சுடுகிறது. அடுத்து நாம் காண்பது, அந்தத் தாய் தன் கையைக் கொதிக்கும் நீரில் தானே விடுவதை. இசைக் கூச்சல் இல்லை, ரத்தமில்லை. படம் முழுவதும் இந்தச் சிக்கனம்தான். ஊர் மயங்கி விழுவதைக்கூட, பேச்சுப் பாதியில் தொங்கும் தொலைபேசி, துணியைச் சுட்டுக்கொண்டிருக்கும் இஸ்திரிப் பெட்டி, ஒரே இடத்தில் சிக்கிச் சுற்றும் இசைத்தட்டு என்று வீட்டுப் பொருள்களை வைத்தே காட்டிவிடுகிறார்கள். ரீமேக்கிலும் வெந்நீர்க் காட்சி உண்டு. அங்கே அடுப்பில் கொதிக்கும் சூப்புக்குள் தாயின் கை இறங்குகிறது. கேமரா அருகில் போகிறது, வெந்த தோலைக் காண்கிறோம், உடல் கூசுகிறது. ஆனால் கூச்சம் வேறு, அச்சம் வேறு. முதல் படத்தைப் பார்த்த இரவு வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சும்போது கை நடுங்கியது என்று ஓர் இளம் தாய் மறுவாரம் வந்து சொன்னார். சூப்பைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை.

கண்களின் கதையும் அதுவே. 1960-இல் கண் ஒளிர்வதைக் காட்ட அவர்களிடம் இருந்த வழி எளிமையானது: பெரும்பாலான இடங்களில் குழந்தையின் முகத்தை அசையாப் படமாக நிறுத்திவிட்டு, விழியின் மேல் அதன் எதிர்மறைப் பிம்பத்தைப் பொருத்தினார்கள். அதனால் கண் வெளுக்கும் கணத்தில் முகமும் உறைந்துவிடுகிறது, மூச்சுக்கூட விடுவதில்லை. கையில் இருந்த வசதிக் குறைவே அந்தக் குழந்தைகளுக்கு ஓர் அமானுஷ்ய அசைவின்மையைக் கொடுத்தது. 1995-இல் வசதிக்குக் குறைவில்லை. கண்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறி ஒளிர்கின்றன, முகமும் அசைகிறது. அங்கே பிள்ளையைப் பார்ப்பதை மறந்து விளக்கைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அந்த இடங்களில் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மூலப் படத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் நின்றது. அதன் இயக்குநர் வோல்ஃப் ரில்லா பெர்லினில் பிறந்து, நாஜிகள் ஆட்சியைப் பிடித்த காலத்தில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். போர் முடிந்து பதினைந்தே ஆண்டு ஆன இங்கிலாந்தில், ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி நடந்து, தாங்களே உயர்ந்த இனம் என்று அமைதியாகச் சொல்லும் பொன்னிற முடிப் பிள்ளைகளைத் திரையில் கண்டவர்களுக்கு அது எதை நினைவூட்டியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியக் கடற்கரைக்குக் கதையை மாற்றிய கார்பென்டருக்கு அப்படிப்பட்ட பின்புலம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வைக்க வேறொன்றை அவர் தேடவும் இல்லை. ரீமேக்கின் முதன்மையான பலவீனமாக நான் கருதுவது இதைத்தான். இந்தப் பிள்ளைகள் 1995-இல் யார்? அந்தக் கேள்விக்குப் படத்தில் விடை இல்லை.

பனிமூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1980-இல் 'தி ஃபாக்' என்ற படத்தைக் கார்பென்டர் எடுத்தது இதே பாயின்ட் ரெய்ஸ் கடற்கரைப் பகுதியில்தான். மூடுபனியையே பேயாக்கிக் காட்டிய படம் அது. அதே மண்ணுக்கு மீண்டும் வந்தவர் அந்தப் பனியை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம். மலையில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஆதங்கம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஞாயிறு காலையில் விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் சாம்பல் நிறக் கோட்டு அணிந்து, இருவர் இருவராகக் கைகோத்து, சாலையோரம் பேச்சில்லாமல் தேவாலயத்துக்கு நடந்து போவதை நீலகிரியில் யாரும் பார்த்திருக்கலாம். பனி இறங்கியிருந்தால் முதலில் காலணி ஓசை மட்டும் கேட்கும். பிறகு ஒரு ஜோடி தெரியும். அதன் பின்னால் இன்னொரு ஜோடி. அவை நம் வீட்டுப் பிள்ளைகள், ஆபத்தில்லாத பிள்ளைகள். ஆனாலும் அந்த வரிசை நம்மைக் கடந்து போகும்வரை நாம் சாலையைக் கடக்காமல் நிற்போம்.

அந்த ஜோடி வரிசைதான் ரீமேக் தானாகக் கண்டுபிடித்த ஒன்று. அதற்காகத்தான் நான் இந்தப் படத்தை விட்டுக்கொடுப்பதில்லை. கார்பென்டரின் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக ஜோடி ஜோடியாகவே நடக்கிறார்கள். பத்துக் கர்ப்பங்களில் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்துவிட்டதால் மிஞ்சியவர்கள் ஒன்பது பேர். டேவிடுக்கு ஜோடி இல்லை. வரிசை போகும்போதெல்லாம் அவன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று, இழப்பு என்றால் என்ன என்பது, அவனுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. அதிலிருந்து அவனுக்கு அடுத்தவர் வலியும் புரியத் தொடங்குகிறது. அவன் தாய் ஜில் ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியை. ஊர் மயங்கிய அதே நாளில் விபத்தில் கணவனை இழந்தவள், வயிற்றில் இருப்பது அவன் விட்டுச்சென்ற பிள்ளையாக இருக்க வேண்டும் என்று ஏங்கியவள். தன் குஞ்சு இல்லை என்று தெரிந்த பிறகும் அதைப் பொன் குஞ்சாகவே வளர்க்கத் துணியும் காக்கை அவள். மூலப் படத்தில் இதற்கு இணையான பெண் கிடையாது; அங்கே தாய்மார்கள் அஞ்சுகிறார்கள், அழுகிறார்கள், முடிவுகளை ஆண்கள் எடுக்கிறார்கள்.

இறந்து பிறந்த குழந்தையின் காட்சியைப் பற்றி அந்த ஓய்வு பெற்ற செவிலியர் சொன்னது நான் எந்த விமர்சனத்திலும் படிக்காத ஒன்று. படத்தில் அரசாங்க விஞ்ஞானியாக வரும் பெண், இறந்த குழந்தையைத் தாயிடம் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். பின்னர் அதைப் பதப்படுத்தி ஒளித்து வைத்திருப்பது தெரியவருகிறது. "கண்ணு எரியறதெல்லாம் சினிமாங்க சார். பெத்தவ கேக்கக் கேக்கக் காட்டாம எடுத்துட்டுப் போறாங்களே, அது நெசம். அந்தக் காலத்துல நாங்களும் அப்படித்தான் செஞ்சோம், பார்த்தா மனசு ஒடஞ்சிடும்னு சொல்லி. பார்க்காததாலதான் ஒடஞ்சாங்கன்னு பின்னாடி புரிஞ்சுது" என்றார். அதன் பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்தத் தாய் பின்னர் தன் உயிரை மாய்த்துக்கொள்வதைப் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. அவளுடைய பெண் குழந்தையும் ஜில்லின் ஆண் குழந்தையும் ஜோடியாகப் பிறக்க இருந்தவர்கள். இந்த இரண்டு தாய்மாரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரே ஒரு காட்சி எழுதியிருந்தால் படத்தின் மதிப்பே வேறாகியிருக்கும். கார்பென்டர் அதைச் செய்யாமல் பட்டாளத்தையும் ஹெலிகாப்டரையும் கொண்டுவருகிறார். சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எதிர்க் கருத்தையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். இயற்பியல் ஆசிரியர் ஒருவர், டேவிட் பாத்திரமே தவறு என்று வாதிட்டார். இந்தப் பிள்ளைகளின் பயங்கரமே அவர்களிடம் பிளவு கிடையாது என்பதுதான், ஒரு பெட்டியைத் திறக்க ஒரு பிள்ளை கற்றால் எல்லாப் பிள்ளைகளும் கற்றுவிடும் என்பதுதான் விதி. அப்படியிருக்க ஒருவனுக்கு மட்டும் இரக்கம் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாமல் போவது எப்படி என்று கேட்டார். வலுவான கேள்வி, படத்தில் இதற்குப் பதில் இல்லை. டேவிடின் இரக்கம் மற்றப் பிள்ளைகளுக்குள்ளும் மெல்லக் கசியத் தொடங்கி, அதைக் கண்டு அவர்களின் தலைவி மாரா அஞ்சியிருந்தால் கதை தன் விதிக்கும் உண்மையாக இருந்திருக்கும், முடிவில் வெடிக்கும் குண்டு நம்மை இன்னும் கலங்கடித்திருக்கும் என்று நான் சொன்னேன். அவர் பாதிதான் ஒப்புக்கொண்டார்.

ஹட்டிப் பாட்டி இரண்டு வாரமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பேரன் வற்புறுத்திக் கேட்டபோது, "ஊருல பொறந்தது ஊருப் புள்ளதானே, எல்லாத்தையும் ஒண்ணா ஒரு பக்கமா ஒதுக்கி வச்சா அது எப்படி நம்மளோட சேரும்?" என்றார். இரு படங்களிலும் அந்தப் பிள்ளைகளை ஊரிலிருந்து பிரித்துத் தனிக் கட்டடத்தில் தங்க வைக்கிறார்கள் என்பதை நான் அதுவரை கதைக்குத் தேவையான ஓர் ஏற்பாடாக மட்டுமே எண்ணியிருந்தேன். அதன் பிறகு அந்தக் காட்சிகளை என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

ஆகவே தம்பி, உங்களுக்குப் பிடித்திருந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திகில் படம் என்ற அளவில் பார்த்தால் ரீமேக் மூலத்துக்கு நெடுந்தொலைவு பின்தங்கியது. அதைச் சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்த ஓர் அளவுகோலோடு நிறுத்திக்கொள்பவர்கள் டேவிடையும் ஜில்லையும் பார்க்கத் தவறுகிறார்கள். மூலப் படத்தைக் கட்டாயம் பாருங்கள். 77 நிமிடம்தான், முடிந்தால் இரவில், விளக்கை அணைத்துவிட்டு. பாடம் சொல்லித்தருபவராக நடிக்கும் ஜார்ஜ் சாண்டர்ஸ் மேசையருகே உட்கார்ந்து சுவரை நினைக்க, பிள்ளைகளின் பார்வை பட்டு அதன் செங்கற்கள் ஒவ்வொன்றாகப் பெயரும் அந்தக் கடைசி நிமிடங்களுக்காகவே பார்க்கலாம். சிறுவன் மார்ட்டின் ஸ்டீஃபன்ஸ் அதில் குரலை ஓரிடத்திலும் உயர்த்தாமல் பேசுவதைக் கவனியுங்கள்.

நண்பர்களுக்குக் காட்டுவதென்றால் எங்கள் வரிசையை மாற்றிவிடுங்கள். நாங்கள் செய்த தவறு அது. மூலத்தை முதலில் பார்த்துவிட்டதால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ரீமேக்கை எடைபோடுவதற்கென்றே வந்து உட்கார்ந்தார்கள். ரீமேக்கை முதலில் காட்டினால் அதன் கதையைக் கதையாகவே பார்ப்பார்கள். வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் இரண்டையுமே அவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள். இறுதியில் குண்டு வெடித்ததும் படம் முடிந்துவிட்டது என்று எழுந்து விளக்கைப் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பின் ஜில் டேவிடைக் காரில் ஏற்றிக்கொண்டு, தங்களை யாரும் அறியாத ஊரைத் தேடிப் போகிறாள். அந்தக் காரில் பையனின் முகத்தைச் சற்று நேரம் பாருங்கள்.